செடிக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

வணக்கம் டீச்சர். நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகத் திரும்பும் நீர்ச்சுழற்சியில் செடிக்கும் பங்கு உண்டென்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீர்ச்சுழற்சிப் படத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். பள்ளியில் செம்பருத்தி இருக்கிறதா? காலை வெயில் படும் கிளை ஒன்றில், இலைகளோடு சேர்த்து, உள்ளே தெரிகிற பாலித்தீன் பையை மாட்டி, வாயை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு காய்ந்த குச்சியில் இன்னொரு பை. இதை விட்டுவிடாதீர்கள், "காத்துல இருந்த தண்ணிதானே டீச்சர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், கேட்கவும் வேண்டும். மதியத்துக்குள் இலைப் பையின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும், குச்சிப் பை அப்படியே இருக்கும். வேர் உறிஞ்சும் நீரில் 90 சதவீதத்துக்கும் மேல் இலைத்துளை வழியே ஆவியாகிவிடுகிறது என்பதை அப்போது சொல்லுங்கள். பையை உடனே அவிழ்த்துவிடுங்கள், இலை வெந்துவிடும். அப்புறம், விதை செடியாகி மறுபடி விதை தரும் வாழ்க்கைச் சுழற்சியைக் காட்டத் தட்டைப்பயறு போடுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் காய்த்து, மறுபடி விதையே கைக்கு வந்துவிடும்.