வெள்ளவத்தைக் கால்வாயில் வள்ளம் ஏறலாமா?

கேள்வி: ஐயா, வெள்ளவத்தையில் கால்வாயைப் பார்த்த தொடர்மாடியில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். தை மாதம் தம்பி குடும்பத்தோடு ரொறன்ரோவில் இருந்து வருகிறான். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. ஐரோப்பாவில் எங்கேயோ கால்வாய்ப் படகில் போனவர்களாம். "மாமி, உங்கட வீட்டுக்குப் பின்னாலயும் கால்வாய் இருக்குத்தானே, அதில போவமா?" என்று வட்ஸ்அப்பில் ஒரே கேள்வி. இங்கிருந்து தியவன்னா வரை ஆறுதலாக ஒரு பயணம் போக வழியுண்டா? நாற்றம், முதலை, நுளம்பு என்று ஆளுக்கு ஆள் பயமுறுத்துகிறார்கள். அம்மாவுக்கு 79, கைத்தடியோடு நடப்பார். அவரையும் கூட்டிப் போகலாமா? – வெள்ளவத்தை வாசகி.

பதில்: மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது, அந்தப் பால்கனி. நாளைக் காலை தேத்தண்ணீரோடு அங்கே நின்று, கால்வாயில் மிதக்கும் ஏதாவது ஒன்றை ஐந்து நிமிடம் பாருங்கள். இலையோ பிளாஸ்டிக் போத்தலோ, எதுவானாலும் சரி. கடல் பக்கம் போகிறதா, கிருலப்பனைப் பக்கம் ஏறுகிறதா, நின்ற இடத்திலேயே சுற்றுகிறதா? கால்வாய் வேலையில் பாதி ஆயுளைக் கழித்த நான், இன்றைக்கும் வள்ளத்தில் கால் வைக்க முன்னர் பார்ப்பது இதைத்தான். போகலாமா, எப்போது போகலாம், மணக்குமா என்ற மூன்றுக்கும் பாதிப் பதிலை அந்தப் போத்தல் சொல்லிவிடும்.

ஏனென்றால் இது வடிகால். ஒல்லாந்தர் காலத்தில் கொழும்புப் பக்கத்துக் கால்வாய்களில் சரக்கு வள்ளங்கள் போய்வந்தன. ரயிலும் லொறியும் வந்தபிறகு சரக்கு போய்விட்டது, மழைத்தண்ணீர் மட்டும் மிஞ்சியது. கோட்டே, பத்தரமுல்லைப் பக்கத்து மழையெல்லாம் பாராளுமன்றத்தைச் சுற்றிக் கிடக்கும் தியவன்னா ஓயாவிலும் அதைச் சுற்றிய சதுப்பிலும் தேங்கி, மெல்ல மெல்லக் கால்வாய்க்கு இறங்குகிறது. அங்கிருந்து வெளியே போக இரண்டு பக்கம் வாசல் உண்டு. வடக்கே தெமட்டகொடை, சென் செபஸ்தியன் கால்வாய்கள் வழியாகக் களனி கங்கை. மேற்கே வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடல். களனி பெருகினால் வடக்கு வாசலின் கதவுகளை மூடவேண்டும், இல்லாவிட்டால் ஆறு நகரத்துக்குள் வந்துவிடும். அப்போது முழுச் சுமையும் உங்கள் பக்கம் திரும்பும். கொழும்பில் நல்ல வெயில் அடிக்கையிலே கால்வாய் மண்ணிறமாக விரைந்து ஓடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மேலே கித்துல்கலைப் பக்கம் பெய்த மழைக்கும் அதில் பங்கிருக்கும். 2010 நவம்பரில் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தத் தண்ணீருக்கு அந்தளவுக்கு வீரியம் உண்டு. போத்தல் கடலை நோக்கி ஆள் நடக்கும் வேகத்தைவிட விரைவாகப் போனால், அன்றைக்குப் பயணம் வேண்டாம். வள்ளக்காரர் என்ன சொன்னாலும் வேண்டாம்.

போத்தல் கிருலப்பனைப் பக்கம் ஏறினால் கடல் ஏற்றத்தில் இருக்கிறது, உப்புத்தண்ணீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். நம் கரையில் கடல் ஏற்ற இறக்கம் பெரிதல்ல, பறுவமான முழுநிலா நாளிலும் இரண்டடியைச் சுற்றித்தான். ஆனால் கால்வாயில் அந்த இரண்டடி பெரிய விஷயம். பாலங்களும் அவற்றுக்குக் கீழே தொங்கும் குழாய்களும் தாழ்வானவை. ஒரு பறுவ நாள் சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டு போன நான், போகும்போது தலை குனிந்து தாண்டிய பாலத்தைத் திரும்பி வரும்போது தாண்ட முடியாமல், ஏற்றம் வடியும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கரையில் கட்டிவிட்டுக் குந்தியிருந்தேன். மச்சான் இன்றைக்கும் கலியாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்வார். ஆகவே பறுவம் வரும் போயா தினம் லீவு நாளாக இருந்தாலும் கால்வாய்க்கு உகந்த நாளல்ல. அதற்கு ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ பாருங்கள்.

போத்தல் அசையாமல் நின்றால்? கடல்வாயில் மணல்மேடு அடைத்திருக்கலாம். அலை மணலைக் கொண்டுவந்து போடுவதும், இயந்திரம் வந்து வெட்டித் திறப்பதும் வழமை. அடைத்த நாட்களில் தண்ணீர் தேங்கி, அடிச்சேறு புளித்து, அழுகிய முட்டை மணம் வரும். நாற்றம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது இந்த நாட்களைத்தான். மழை பெய்த மறுநாளும் ஆகாது, ஊர்க்குப்பை எல்லாம் அன்றைக்குத்தான் ஊர்வலம் போகும். நல்ல மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வெயில் வந்தால், கால்வாய் கழுவித் துடைத்த முற்றம் மாதிரி இருக்கும். தை மாதம் இதற்கு வாய்ப்பான மாதம். ஐப்பசி, கார்த்திகைப் பின்னேர இடிமழை ஓய்ந்திருக்கும், வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழைக்கு இன்னும் காலம் இருக்கும்.

இனி நடைமுறை. வெள்ளவத்தைக்கும் பத்தரமுல்லைக்கும் இடையே பயணிகள் படகு விடும் முயற்சி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நடந்து, ஓடியும் நின்றும் இருக்கிறது. கால்வாய்கள் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் இருப்பவை. தம்பி ரிக்கெற் போட்டதும் அவர்களுக்கு அழைப்பெடுத்து, அந்த வாரம் படகு உண்டா, குடும்பமாக ஒன்றை ஒதுக்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். தெரிந்த மீன்பிடி வள்ளக்காரரைப் பிடித்து இரகசியமாக இறங்கும் யோசனை யாராவது சொன்னால் காதில் போட வேண்டாம். அனுமதி இல்லாததோடு, கால்வாயின் அடியில் என்ன கிடக்கிறது என்று கடற்காரருக்குத் தெரியாது. பழைய டயர், இரும்புக் கம்பி, ஒருமுறை முழு மோட்டர் சைக்கிளே கண்டிருக்கிறேன்.

படகு கிடைத்தால் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிட வேண்டும், பிள்ளைகள் ஐரோப்பாவை மனதில் வைத்திருக்கிறார்கள். இங்கே இருபுறமும் மாளிகை இல்லை. முதல் பாதியில் மதில், தொடர்மாடிகளின் பின்பக்கம், காயும் உடுப்பு, தூண்டில் போடும் பெடியள். கிருலப்பனை தாண்டிக் கோட்டேப் பக்கம் போகப் போகக் கரை விரியும், பச்சை கூடும். அங்கேதான் இந்த நகரத்தின் மற்ற முகம் இருக்கிறது. 2018இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தபோது கொழும்பும் அதில் ஒன்று. நீர்க்காகம், கொக்கு, நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா எல்லாம் பைனாகுலர் இல்லாமலே தெரியும். இந்தச் சதுப்பில் மீன்பிடிப் பூனையும் இருக்கிறது. இரவு உலாவி என்பதால் அதைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீரை மூடிக் கிடக்கும் மடிப்புமடிப்பான சிறு இலைக் கம்பளம் சல்வீனியா. 1939இல் படிப்புக்காகக் கொழும்புக்குக் கொண்டுவந்த செடி, தப்பிப்போய் நாடு முழுக்கப் பரவியது. இது எஞ்சினின் காற்றாடியில் சுற்றினால் வள்ளக்காரர் எஞ்சினை நிறுத்தித் தூக்கித் துப்புரவாக்குவார். பழுது இல்லை, பயப்பட வேண்டாம்.

முதலை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கரையில் வெயில் காயும்போது "முதலை, முதலை" என்று ஆட்கள் கத்துவது அநேகமாகக் கபரகொய்யாவைப் பார்த்துத்தான். உடும்பின் பெரிய அண்ணன், ஆறடி தாண்டும், தன் பாட்டில் கிடக்கும். எதுவானாலும் கையைத் தண்ணீரில் விடாமல் இருப்பது இருவிதத்திலும் நல்லது, ஏனென்றால் எனக்கு முதலையைவிட எலிக்குத்தான் பயம். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரோடு இந்தத் தண்ணீரில் கலந்திருக்கும், காலில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும். காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, மூடிய சப்பாத்துப் போடுங்கள். பிள்ளைகள் கனடா திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், இலங்கையில் கால்வாயில் போனோம் என்று அங்குள்ள வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஊர் வைத்தியருக்கு டெங்குவும் எலிக்காய்ச்சலும் முதலில் நினைவுக்கு வராது. நுளம்புக்குப் பயந்தால் பின்னேரம் இருட்டுகையில் சதுப்புப் பக்கம் வேண்டாம், ஆனால் டெங்கு நுளம்பு காலையிலும் கடிக்கும். தையில் சூரியன் ஆறரைக்குச் சற்று முன்னர் எழும். ஏழுக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் திரும்பலாம், பிறகு வெயில் தண்ணீரில் பட்டு முகத்தைச் சுடும்.

பிள்ளைகளின் உயிர்காப்பு அங்கியை நீங்களே சோதியுங்கள். எல்லாப் பூட்டும் பூட்டியபின் தோள்பட்டைப் பகுதியில் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பெரியவரின் அங்கி, 6 வயதுக்காரன் தண்ணீரில் அதற்குள்ளால் நழுவிவிடுவான். சிறிய அளவு இல்லையென்றால் அவன் ஏறக்கூடாது. "நான் மடியில பிடிச்சிருக்கிறன் அக்கா" என்று தம்பி சொன்னாலும் விடாதீர்கள். ஏறும்போது ஒருவர்பின் ஒருவராக, நடுவில் கால் வைத்து, உடனே குந்த வேண்டும். சின்ன வள்ளம் கவிழ்வதற்கு அலை தேவையில்லை, ஒரு கொக்கைப் பார்க்க எல்லாரும் ஒரு பக்கம் எழும்பினால் போதும். தம்பி டிரோன் கொண்டுவந்தால் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அதிலும் பாராளுமன்றத்துப் பக்கம் விளையாட்டு வேண்டாம். விலை பேசுவது உங்கள் வேலை. தம்பியின் கனடாச் சப்பாத்தைக் காட்ட முன்னர், ஆளுக்கா படகுக்கா, போகவா போய்வரவா என்று சிங்களத்தில் பேசி முடியுங்கள்.

இங்கே படகு கிடைக்காவிட்டால் கொம்பனித் தெருப் பேரை வாவியை நாடத் தோன்றும். போர்த்துக்கேயர் கோட்டைக் காவலுக்கென ஓடையை மறித்து உண்டாக்கிய வாவி அது. கங்காராமையப் பக்கத்தில் மிதித்தோட்டும் அன்னப் படகு உண்டு, ஆறு வயதுக்குக் கொண்டாட்டம், பதினொன்றுக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். தண்ணீரின் அந்தப் பச்சை பாசியின் பச்சை, தெறிக்கவிடாமல் மிதியுங்கள். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமமாலக விகாரையை மட்டும் அம்மாவோடு பார்த்துவரலாம்.

என்னைக் கேட்டால் பணத்தையும் ஒரு காலையையும் கொழும்புக்கு வடக்கேயுள்ள ஹமில்டன் கால்வாய்க்குக் கொடுப்பேன். ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தது, ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர். முத்துராஜவெலச் சதுப்பின் உப்புத்தண்ணீரை வடிக்க வெட்டினார்கள். இன்றைக்குப் பமுனுகமப் பக்கத்தில் இருந்து வள்ளத்தில் ஏறினால் கரையெல்லாம் தென்னை, வலை காயப்போட்ட முற்றம், ஆலய மணி, வழியில் கண்டல் மரங்கள். நகரக் கால்வாயைவிடத் தண்ணீர் அகலம், பயணிகளை ஏற்றிப் பழகிய வள்ளக்காரர்கள். விமான நிலையத்துக்குக் கிட்ட என்பதற்காக வந்திறங்கிய அன்றே கூட்டிப்போக வேண்டாம், நித்திரை தூங்கும் பிள்ளை வள்ளத்தில் பாரமான பிள்ளை.

அம்மாவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கைத்தடியோடு நடப்பவரை ஆடும் வள்ளத்தில் ஏற்றுவது ஏறும்போது கஷ்டமில்லை, நான்கு பேர் பிடிப்பார்கள். இறங்கும்போதுதான், இரண்டு மணித்தியாலம் தாழ்வான பலகையில் இருந்த முழங்கால் நிமிராது. நல்ல இறங்குதுறையும் கைப்பிடியும் இல்லாத இடத்தில் வேண்டாம். தண்ணீரைப் பார்க்க அவருக்கு ஆசையென்றால் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் பலகை நடைபாதை உண்டு. ஆறுதலாக நடந்து, இருந்து, நடக்கலாம்.

ஆனால் வெள்ளவத்தைப் படகு கிடைத்துவிட்டால் அவருக்கு வேறு வேலை இருக்கிறது. வள்ளம் உங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் போகும்போது, அப்பம்மா பால்கனியில் கதிரை போட்டு இருக்கட்டும். கீழே தண்ணீர் மட்டத்தில் இருந்து பார்த்தால் எல்லா மாடியும் ஒன்றுபோலத்தான் தெரியும், பிள்ளைகள் வேறு யாருக்கோ கை காட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முதல்நாள் இரவே கம்பியில் ஒரு சிவப்புச் சீலையைத் தொங்கவிட்டு, காற்றுக்கு இரண்டு கிளிப்பும் குத்திவிடுங்கள்.