தைக்கத் தெரிந்தவர் கூடாரத்தையும் தைக்கலாமா?

கேள்வி: வீட்டில் நல்ல தையல் இயந்திரம் இருக்கிறது. உடைகள், திரைச்சீலைகள் எல்லாம் நானே தைப்பேன். இன்னும் நான்கு மாதத்தில் நானும் என் கணவரும் முதல்முறையாக மலைப்பாதையில் மூன்று இரவுகள் தங்கி நடக்கப் போகிறோம். கூடாரம், தூங்கும் பை, முதுகுப்பை, அடுப்பு என்று பட்டியல் போட்டால் தலை சுற்றுகிறது. எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்களாமே. எதை நான் செய்யலாம், எதை வாங்கியே ஆக வேண்டும்? செய்தால் காசு மிச்சமாகுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஒரே ஒரு சாமான் செய்வதாக இருந்தால் பெரும்பாலும் மிச்சமாகாது. தயாரிப்பவர்கள் துணியை உருளை உருளையாக வாங்குகிறார்கள். நீங்கள் மீட்டர் கணக்கில் வாங்குவீர்கள். அதற்கு மேல் நூல், நாடா, பக்கிள், தையலை அடைக்கும் பசை, இவை வந்து சேரும் செலவு. முதல் தடவை தப்பாக வெட்டிக் கெடுத்த துணி வேறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான். தார்ப்பாய், சாமான் பைகள், தரைவிரிப்பு ஆகியவை மட்டும் விதிவிலக்கு. நேராக வெட்டி நேராகத் தைக்கிற சமாச்சாரம் என்பதால் கையில் கொஞ்சம் நிற்கும்.

சரி, எதைச் செய்வது? இதற்கு நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே அதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆய்வுக்கூடம் இருந்தால்தான் சோதிக்க முடியும் என்றால் வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். கடையில் நாம் கொடுக்கும் காசில் ஒரு பகுதி துணிக்கும் தையலுக்கும் போகிறது. மீதியில் கணிசமானது, யாரோ அதை நமக்காக இழுத்து, நனைத்து, குளிரில் வைத்துப் பார்த்ததற்கு.

தார்ப்பாயில் தொடங்குங்கள். குழாயைத் திறந்து ஒரு மணி நேரம் தண்ணீர் அடித்தால் அதன் வண்டவாளம் தெரிந்துவிடும். இருவருக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் போதும். இந்த வகைத் துணிகள் பெரும்பாலும் 1.5 மீட்டர் அகலத்தில் வருவதால், 3 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி நடுவில் இணைக்க வேண்டும். மூலைகளை வலுப்படுத்தவும் சாமான் பைகளுக்கும் இன்னொரு மீட்டர் சேர்த்து வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 40 கிராம் எடையுள்ள துணி என்றால் பாய் 360 கிராம்தான் வரும். கயிறும் நாடாவும் சேர்த்தாலும் அரைக் கிலோவை ஒட்டியே நிற்கும்.

நைலானா பாலியஸ்டரா என்று கடையில் கேட்பார்கள். பாலியஸ்டர் என்று சொல்லுங்கள். நைலான் கிழிசலை நன்றாகத் தாங்கும், ஆனால் ஈரத்தைக் குடித்து நீளும். என் முதல் பாய் நைலான். மாலையில் தாளம் தட்டலாம் போல விறைப்பாகக் கட்டிவிட்டுப் படுத்தேன். நள்ளிரவு மழையில் அது தொய்ந்து, விழித்தபோது ஈரத்துணி மூக்கில் உரசிக்கொண்டிருந்தது. இருட்டில் எழுந்து நான்கு கயிற்றையும் மறுபடி இழுத்துக் கட்டினேன். பாலியஸ்டர் அந்த அளவுக்குத் தொய்வதில்லை.

நடு இணைப்புத் தையல்தான் இந்த வேலையின் உயிர். பாயின் முதுகெலும்பும் அதுதான், மழை முதலில் விழுகிற இடமும் அதுதான். ஜீன்ஸின் கால் ஓரத்தில் பார்த்திருப்பீர்களே, இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று கவ்வும்படி மடித்து இரண்டு வரி அடித்த தையல், அதைப் போடுங்கள். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும், நாளடைவில் மக்கியும் போகும். புது ஊசி, 80 எண் போதும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர் வையுங்கள். நெருக்கமாக அடித்தால் உறுதி என்று நினைப்போம். மெல்லிய துணியில் அது தபால்தலை ஓரத்துத் துளைகள் மாதிரி ஆகி, அந்த வரியிலேயே கிழியும். குண்டூசி குத்தாதீர்கள். ஒவ்வொரு துளையும் ஒரு சொட்டு. துணி உலர்த்தும் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். சிலிகான் பூசிய துணி வெண்ணெய் போல வழுக்கும். நீங்கள் தைத்துப் பழகிய துணிகளை இது ஒத்திராது. வெட்டிய மிச்சத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு உண்மையான துண்டில் கை வையுங்கள்.

தைத்த பிறகு ஊசித் துளைகளை அடைக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சிலிகான் பூசிய துணியில் சிலிகான் பசை மட்டுமே ஒட்டும். பாலியூரித்தேன் பூசிய துணிக்கு அதற்கேற்ற பசை வேண்டும். மாற்றிப் பூசினால் காய்ந்ததும் தோலாக உரிந்துவிடும். நிறமற்ற சிலிகான் பசையைக் கனிம டர்பென்டைனில் தளர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, சின்னத் தூரிகையால் தையல் மேல் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். துணி வாங்கும்போது அதன் நீர்த்தாங்கு அளவையும் கேளுங்கள். 1500 மிமீ என்றால் ஒன்றரை மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கியது என்று அர்த்தம். மேலே கட்டும் பாய்க்கு அது போதும். தரையில் விரிப்பதற்கு இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் முழங்கால் ஊன்றும் இடத்தில் அழுத்தம் எகிறும்.

முழுக் கூடாரம் வேண்டாம். வளைந்த துண்டுகள், கொசுவலை, ஜிப், கம்பிகளின் வளைவு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு விரல்கடை பிசகினாலும் சுருக்கம் விழுந்து அதில் தண்ணீர் தேங்கும். பலத்த காற்றில் அது நிற்குமா என்று வீட்டில் இருந்தபடி பார்க்கவும் முடியாது. முதல் பயணத்துக்கு ஒரு கூடாரத்தை இரவல் வாங்குங்கள், இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். உங்கள் பாய் அதன் வாசலில் சமைக்கவும் நனைந்ததைப் போடவும் முற்றமாக இருக்கட்டும்.

தூங்கும் பையும் அப்படித்தான். நம்பகமான பைகளில் ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு தர எண் இருக்கும். உணரிகள் பொருத்திய சூடான பொம்மையைப் பைக்குள் படுக்க வைத்து, எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று குளிர் அறையில் அளக்கிறார்கள். அதிலிருந்து வருவதுதான் ‘சௌகரியம்’, ‘எல்லை’ என்று அச்சிடும் டிகிரிகள். சௌகரிய எண்ணை மட்டும் பாருங்கள். ‘உச்சம்’ என்று போட்டிருப்பது தூங்குவதற்கான எண்ணே அல்ல, உயிர் பிழைப்பதற்கானது. உங்கள் வீட்டு மொட்டைமாடி இரவும் மலை மேல் இரவும் ஒன்றல்ல. அதனால் முதல் பை வாங்கியதாகவோ இரவலாகவோ இருக்கட்டும். இரண்டாம் பயணத்துக்கு ஆசை இருந்தால், தாள் போல வரும் செயற்கை இழைப் பஞ்சை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து ஓரத்தைத் தைத்து, முதுகுப் பக்கம் இல்லாத போர்வை செய்யலாம். உடம்புக்கு அடியில் நசுங்கும் பஞ்சு எப்படியும் சூடு தராது. அதை வெட்டி எறிவதால் எடைதான் குறையும். தரைக் குளிரை ஃபோம் பாய் பார்த்துக்கொள்ளும். தாளில் ஒரே தொடர் இழையால் ஆன வகையைக் கேட்டு வாங்கினால் நடுவில் தையல் ஓட்ட வேண்டியதில்லை. பறவை இறகு வேலையைத் தொடவே தொடாதீர்கள். ஒரு முறை பிரித்துக் கொட்டினேன், பல மாதம் கழித்தும் மின்விசிறி இறக்கையில் இறகு ஒட்டியிருந்தது.

முதுகுப்பை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு ஒன்பது கிலோவுக்குள் அடங்கும் சுமைக்குச் சட்டகம் இல்லாத பை தைக்கலாம். அதற்கு மேல் போனால் சுமையை இடுப்புக்கு இறக்கும் சட்டகமும் பட்டையும் தேவை. முதல் பயணத்தில் உங்கள் சுமை அதற்குள் அடங்கப்போவதில்லை, வாங்கிவிடுங்கள்.

இந்த இடத்தில் எம்மா கேட்வுட் நினைவுக்கு வருகிறார். 1955-இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்த முதல் பெண். ஜீன்ஸ் துணியில் தானே தைத்த ஒரு மூட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றை வைத்துக்கொண்டு நடந்தார். அவரைப் பார்த்து நாமும் என்று சிலர் கிளம்புவார்கள். அவர் தைத்தது ஒரு பை, அவ்வளவுதான். சிக்கலான எதையும் அவர் செய்யவில்லை. எது இல்லாமல் தன்னால் இருக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுப்புக்கு வருவோம். குளிர்பானத் தகர டப்பாவை வெட்டிச் செய்யும் ஸ்பிரிட் அடுப்பு பத்திருபது கிராம்தான் இருக்கும், செய்வதும் சுகமான வேலை. இருவருக்குத் தேநீர் வைக்கும். ஆனால் ஸ்பிரிட்டில் இருக்கும் எத்தனால், எடைக்கு எடை, எரிவாயு தரும் வெப்பத்தில் ஐந்தில் மூன்று பங்குதான் தரும். நாட்கள் கூடக்கூட எரிபொருள் சுமை ஏறும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஸ்பிரிட் ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. நன்றாக ஆறியது உறுதியான பிறகே ஊற்றுங்கள். மூடிய கூடாரத்துக்குள் எந்த அடுப்பையும் எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடித் திருகி உடனே அணைக்க வழியில்லாத அடுப்புகளை வறண்ட காலத்தில் பல காட்டுப் பகுதிகளில் அனுமதிப்பதில்லை, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சின்ன எரிவாயுக் குப்பிகளை வீட்டில் மறுபடி நிரப்பும் வித்தை யாராவது சொல்லிக் கொடுத்தால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அடுத்து ஹேமக் ஆசை வரும் என்பதால் சொல்கிறேன். 3 மீட்டர் துணியின் இரு முனைகளையும் கொசுவிக் கட்டினால் தூளி மாதிரி படுக்கை தயார். சுலபம்தான். ஆனால் விறைப்பாகக் கட்ட வேண்டும் என்று கை பரபரக்கும், அதில்தான் வினை. கயிறு கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்ந்திருந்தால் 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவிசை. அதையே 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் 200 கிலோ. தைத்தது தாங்குமா என்று பார்க்க முதல் நாள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டி, கீழே மெத்தை போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

மலையேறும் கயிறு, இடுப்புப் பட்டை, கொக்கி வளையம் ஆகியவற்றை விவாதத்துக்கே எடுக்க வேண்டாம். தண்ணீர் வடிகட்டியும் அதே கணக்கு. மணலும் கரியும் அடைத்த பாட்டில் கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமியை முழுதாக நிறுத்தாது. வடிகட்டி வாங்குங்கள், அல்லது தண்ணீரைக் கொதிக்க விடுங்கள்.

ஆக, உங்களுக்கு இருக்கும் நான்கு மாதத்தில் முதல் வாரம் இரண்டு சாமான் பை தையுங்கள். வட்ட அடி வைத்த பை என்றால் பக்கத் துணியின் நீளம் அடியின் விட்டத்தைப்போல 3.14 மடங்கு, தையலுக்கு விடும் ஓரம் தனி. அடிவட்டத்தைச் சுருக்கமில்லாமல் பொருத்த வந்துவிட்டால் உங்கள் கை அந்தத் துணிக்குப் பழகிவிட்டது. அப்புறம் தார்ப்பாய். மழைக்காலம் குறுக்கே வந்தால் நல்லது, ஒரு இரவு முழுக்க வெளியே கட்டியே விட்டுவிடுங்கள். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டு, காலையில் பாருங்கள். எந்த இடம் நனைந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே இருக்கும் தையலுக்கு இன்னொரு பூச்சு போடுங்கள்.