பழைய விடுதி வீடானாலும் உள்ளே கை வைக்க அனுமதி வேண்டும்

முன்பு விடுதியாக இருந்த உங்கள் வீட்டில் பழைய படிக்கட்டையும், வேலையாளைக் கூப்பிடும் மணிகள் மாட்டிய பலகையையும் கழற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். உள்ளூர் கவுன்சில் அனுமதி இல்லாமல் அவற்றைக் கழற்றாதீர்கள், அது குற்றமாகிவிடும். இங்கிலாந்தில் கிரேடு 2 பட்டியலில் (சட்டம் பாதுகாக்கும் பழைய கட்டடங்களின் பட்டியலில் ஒரு தரம்) உள்ள விடுதி இப்போது நீங்கள் குடியிருக்கும் வீடாகிவிட்டாலும் பாதுகாப்பு போய்விடாது. உள், வெளி, சுவரோடு பொருத்திய பொருள் எல்லாம் அதில் அடங்கும்.

'பட்டியல் பதிவில் முகப்பு மட்டும்தானே இருக்கிறது' என்கிறீர்கள். பழைய பதிவுகள் கட்டடத்தை அடையாளம் காட்ட எழுதப்பட்டவை. பல நேரம் எழுதியவர் உள்ளேயே போயிருக்க மாட்டார். இந்தப் பட்டியலை வைத்திருக்கும் அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையதளத்தில் உங்கள் பதிவின் தேதியைப் பாருங்கள். 2013 ஜூனுக்கு முந்தையது என்றால், அதில் சொல்லாமல் விட்டதற்கும் பாதுகாப்பு உண்டு. பிந்தையது என்றால், எதையாவது விலக்கியிருந்தால் வெளிப்படையாக எழுதியிருப்பார்கள்.

அப்புறம் அந்த மணிப் பலகை. மேலே அறையில் கம்பியை இழுத்தால் கீழே சுருள்வில்லில் மணி ஆடும். சத்தம் நின்ற பிறகும் வில் கொஞ்ச நேரம் ஆடுவதால், எந்த அறை கூப்பிட்டது என்று வேலையாள் பார்த்துக்கொள்வார். அந்த இடம் விடுதியாக இருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தயவுசெய்து இருக்கும் இடத்திலேயே விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: முந்தைய உரிமையாளர் அனுமதியின்றி எதையாவது இடித்திருந்தாலும், சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். அதை அனுப்புவதற்குக் காலக்கெடு கிடையாது. பழைய அனுமதிக் கடிதங்கள் இருக்கின்றனவா என்று வக்கீலிடம் கேளுங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸில் சட்டம் வேறு.