80 டெஸ்ட் பேக்கேஜ் எடுக்கலாமா?

மேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வயது 46, பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், அப்பாவுக்குச் சுகர் உண்டு, இவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 'ஃபுல் பாடி செக்கப், 80 டெஸ்ட், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம்' என்று ஒரு லேபிலிருந்து போன் வந்ததாம். தனக்கும் 42 வயது மனைவிக்கும் எடுக்கலாமா என்கிறார்.

வேண்டாம். ஹீமோகுளோபின், வெள்ளையணு, தட்டணு எல்லாம் ஒரே ரத்தப் பரிசோதனையில் வருபவைதான், தனித்தனியாக எண்ணியே 80 ஆக்குகிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் நார்மல் அளவு என்று போடுகிறார்களே, அது பெரும்பாலும் ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேருக்கு இருக்கிற அளவு. மீதி ஐந்து பேருக்கு நோயே இல்லாமல் தடித்த எழுத்தில் வரும். 80 எண்களைப் பார்த்தால் இப்படி மூன்று நான்கு வருவது சகஜம், அதைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன், மறுபடி டெஸ்ட், வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. கேன்சர் மார்க்கர் என்று சிஏ 125, சிஇஏ சேர்த்திருப்பார்கள், அறிகுறி இல்லாதவருக்கு அதனால் பயன் கிடையாது.

உங்களுக்கு பிபி, வெறும் வயிற்றுச் சுகர், ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் டெஸ்ட்), கொழுப்பு, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது), யூரின் போதும். அப்புறம் ஒரு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள், ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் கவனம் வேண்டும்.

மனைவிக்கு இவற்றோடு ஹீமோகுளோபினும் பாருங்கள், ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி தப்பாகக் காட்டலாம். அவருக்கு மிக முக்கியமானது கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை. இந்த மாதிரி ரத்தப் பேக்கேஜில் அது இருக்காது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள், தயவுசெய்து கூச்சப்படாமல் அனுப்பி வையுங்கள்.

சரி, சுகர் டெஸ்டுக்கு வருவோம், பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம். கடையை அடைத்துவிட்டு ராத்திரி பதினொன்றரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, காலை ஆறு மணிக்குக் கையை நீட்டினால் ஆறரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. சாப்பிட்ட பின் பார்ப்பதானால் கை கழுவியதிலிருந்து எண்ணாதீர்கள், முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம். தினமும் ஐந்து இட்லி சாப்பிடுகிறவர் டெஸ்ட் அன்றைக்கு மட்டும் இரண்டோடு எழுந்துவிடுகிறார், ரிப்போர்ட் நன்றாகத்தான் வரும், ஆனால் அது அவருடைய சுகர் இல்லை!

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நார்மல், 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். அப்பாவுக்கு இருப்பதால் நீங்கள் வருஷா வருஷம் பாருங்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் வைத்து டாக்டரிடம் கொண்டு போங்கள். 88, 94, 99 மூன்றுமே நார்மல் என்றுதான் அச்சாகி வரும், வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஏறிக்கொண்டே போவது தெரியும்.