குதிரைப் பந்தயத்தில் ஆரம்பத்திலேயே முன்னால் பாயும் குதிரை ஜெயிக்குமா, பின்னால் வருவதா?

பணம் கட்டத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு யோசனை சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரன். மாட்டு வண்டிப் பந்தயத்தில் ஆறு வருஷம் மாமாவுக்குத் துணைச்சாரதியாக ஓடியிருக்கிறேன். மாடு வேறு குதிரை வேறு என்று சொல்ல வருபவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

முன்னால் பாய்வதில் தப்பே இல்லை. கூடவே பாய இன்னொன்று இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தனியாக முன்னால் போகும் குதிரையை ஜாக்கி இழுத்துப் பிடித்து, கடைசி 400 மீட்டருக்குத் தெம்பை மிச்சம் வைத்துக்கொள்வார். முகத்தில் மண் அடிக்காது, வழி மறிக்கவும் ஆள் கிடையாது. இரண்டு குதிரை போட்டி போட்டுப் பாய்ந்தால் இரண்டும் பாதியிலேயே ஓய்ந்துவிடும்.

2009 சித்திரையில் கயத்தாறு பக்கம் ஒரு கோயில் கொடை. நடுத்தர மாடுகளுக்கான நடுமாட்டுப் பந்தயம், போக மூன்று மைல், வர மூன்று மைல். எங்கள் ஜோடியில் இடப்பக்கத்து மாடு மயிலைக்கு முன்னால் ஒரு வண்டி போனால் பொறுக்காது. அன்றைக்குப் பார்த்து அதே குணத்தில் இன்னொரு ஜோடி வந்திருந்தது. முதல் மைலிலிருந்தே சக்கரத்தோடு சக்கரம். பக்கத்தில் ஓடிய என் முழங்கையில் மயிலையின் வாய்நுரை கயிறு மாதிரி நீண்டு வந்து ஒட்டியது. "மாமா, அவன் போகட்டும், விடுங்க" என்று கத்தினேன். "நீ சும்மா வாலே. முன்னால விட்டா மயிலைக்கு மனசு ஒடிஞ்சிரும்" என்றார்.

எல்லையில் முதலில் திரும்பியது நாங்கள்தான். திரும்பி அரை மைல்கூட வரவில்லை, வலத்து மாடு செவலைக்குக் கால் பின்னியது. சத்தமில்லாமல் பின்னால் வந்த வண்டி எங்களைத் தாண்டிப் போய் முதல் பரிசை எடுத்தது. எங்களுக்கு நாலாவது இடம். மாமா இறங்கி மயிலையின் கழுத்தில் நுகத்தடி பதிந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றார். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மாமா சொன்னதும் பொய்யில்லை. சில குதிரை அடக்கினால் கடிவாளத்தோடு மல்லுக்கட்டியே தெம்பைக் கொட்டிவிடும். சிலதை முன்னால் தனியாக விட்டால் கால் தளர்ந்துபோகும்.

அமெரிக்கக் குதிரை செக்ரடேரியட் மட்டும் எப்படி ஜெயித்தது என்று யாராவது கேட்பீர்கள். 1973 பெல்மான்ட் ஓட்டம், சுமார் 2,400 மீட்டர். முதல் பாதியை அதுவும் ஷாம் என்ற குதிரையும் வெறிகொண்டு சேர்ந்தே ஓடின. செக்ரடேரியட் 31 குதிரை நீளத்தில் ஜெயித்தது, சரி. அது அபூர்வப் பிறவி. கூட ஓடிய ஷாம் ஐந்து குதிரைகளில் கடைசியாக வந்ததையும் பாருங்கள்.

அதனால் ஓடப்போகும் குதிரைகளின் விவரம் போட்டிருக்கும் ரேஸ் புத்தகத்தில் முன்னால் பாயும் பழக்கமுள்ளவை எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் அதை லேசாக நினைக்காதீர்கள். 1,000 மீட்டர் ஓட்டத்தில் பின்னால் இருப்பதற்கு எட்டிப்பிடிக்க நேரமே இருக்காது, அது தனிக் கணக்கு.

மாட்டை வதைக்கிறான் என்று எழுத வருபவர்களுக்கு ஒன்று. 2014 தடையோடு மாமா பந்தயத்தை விட்டார். 2017-ல் சட்டம் திருத்திய பிறகும் திரும்பவில்லை. காரணம் வைக்கோல். அறுவடை மெஷின் வந்ததிலிருந்து பிசானப் பருவத்து நெல் வைக்கோல் நொறுங்கிப்போகிறது. மிஞ்சியதையும் வயலிலேயே சுருட்டிக் கேரளாவுக்கு லாரி ஏற்றிவிடுகிறார்கள். தாமிரபரணித் தண்ணீரில் விளைகிற ஊரில் இருந்துகொண்டு கட்டு இவ்வளவு என்று பேரம் பேசி வாங்க வேண்டியிருக்கிறதே என்று அத்தை இன்றைக்கும் புலம்புகிறாள்.