ஐஓஎஸ் 26: பழையதற்குத் திரும்ப வழி உண்டா?

கேள்வி: 2011 முதல் ஐஃபோனைத் தவிர வேறு கைப்பேசியைத் தொட்டதில்லை. இப்போது வைத்திருப்பது ஐஃபோன் 12. மகன் சொன்னான் என்று ஐஃபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் 18-லிருந்து 26-க்கு மாறினேன். எல்லாம் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. பேத்தியின் படத்துக்கு மேல் வரும் அறிவிப்புகளைப் படிக்கவே முடியவில்லை. பேட்டரியும் பிற்பகல் 3 மணிக்குத் தீர்ந்துவிடுகிறது. பழையதற்குத் திரும்பலாமா?
- உட்லண்ட்ஸ் வாசகி, சிங்கப்பூர்

பதில்: திரும்ப முடியாதம்மா. ஐஃபோனில் எந்தப் பதிப்பை நிறுவினாலும் ஆப்பிளின் சர்வர் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். புதியது வந்த சிறிது காலத்தில் பழையதற்கான ஒப்புதலை நிறுத்திவிடுகிறார்கள். 26-இல் எடுத்த காப்பு நகலை 18-இல் மீட்கவும் முடியாது. ஆகவே, மாற்றித் தருகிறேன் என்று எந்தக் கடையில் சொன்னாலும் கைப்பேசியைக் கொடுத்துவிடாதீர்கள். அதிலிருக்கும் பேத்தியின் படங்கள்தான் போகும்.

எழுத்து தெரியாததற்கு உங்கள் கண்ணையோ வயதையோ நொந்துகொள்ள வேண்டாம். 2025 செப்டம்பரில் வந்த இந்தப் பதிப்பின் தோற்றத்துக்கு 'லிக்விட் கிளாஸ்' என்று பெயர். பின்னால் இருக்கும் படம் பொத்தான்களையும் அறிவிப்புகளையும் ஊடுருவித் தெரியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு நிலையாக இருந்தால்தான் கண் சிரமப்படாமல் படிக்கும். பின்னணி மாறிக்கொண்டே இருந்தால் இளைஞர்களுக்கும் சிரமம்தான். படிப்பவரின் வசதிக்கு முன்னால் அழகை வைத்தது தவறு என்பதே என் கருத்து. 2013-இல் ஐஓஎஸ் 7 மெல்லிய எழுத்துகளோடு வந்தபோது பட்ட பாடு உங்களுக்கே நினைவிருக்கும்.

இதை இன்றே சரிசெய்யலாம். 'செட்டிங்ஸ்' சென்று 'அக்செசிபிலிட்டி', அதனுள் 'டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்' திறந்து, 'ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி'யை இயக்குங்கள். கண்ணாடித்தன்மை பெருமளவு மறைந்துவிடும். அங்கேயே 'போல்ட் டெக்ஸ்ட்', 'இன்கிரீஸ் கான்ட்ராஸ்ட்' இரண்டையும் இயக்கிப் பாருங்கள். 2025 நவம்பரில் வந்த 26.1-இல் இன்னொரு வழியும் கிடைத்தது: 'டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்' பகுதியில் 'லிக்விட் கிளாஸ்' என்பதைத் தொட்டு 'டின்டட்' என்று மாற்றலாம். பெரிய மாற்றம் வேண்டாம் என்பவர்களுக்கு இதுவே போதும். தனியே செய்யத் தயக்கமாக இருந்தால் அருகிலுள்ள சமூக மன்றத்திலோ நூலகத்திலோ மின்னிலக்கத் தூதர்களைக் கேளுங்கள். மூத்தோருக்குப் பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகச் சொல்லித்தருவார்கள்.

பேட்டரிக்குச் சில நாள் அவகாசம் கொடுங்கள். பெரிய மேம்பாட்டுக்குப் பிறகு கைப்பேசி தன்னிடமுள்ள படங்களையும் செய்திகளையும் பின்னணியில் மறுபடி வரிசைப்படுத்தும். அந்த வேலை முடியும்வரை சார்ஜ் வேகமாக இறங்கும், சூடும் ஏறும். இரவில் உறையைக் கழற்றிவிட்டு, வைஃபை இணைப்போடு சார்ஜில் வைத்தால் விரைவாக முடியும். தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழல் இந்தப் பேட்டரிகளுக்கு ஆகாது, நம் ஊர் வெப்பமே அதை நெருங்கும்.

ஒரு வாரமாகியும் மாறவில்லை என்றால் 'செட்டிங்ஸ்', 'பேட்டரி', 'பேட்டரி ஹெல்த்' என்று போய் 'மேக்ஸிமம் கெப்பாசிட்டி' எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். ஐஃபோன் 12 வெளிவந்தது 2020-இல். அதன் பேட்டரி 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. சுற்று என்பது சார்ஜரைச் செருகும் எண்ணிக்கை அல்ல. 100 விழுக்காட்டு அளவுக்குப் பயன்படுத்தினால் ஒரு சுற்று. தினமும் ஒரு சுற்று ஓடினால் ஒன்றரை ஆண்டுக்குள் 500 வந்துவிடும். எண் 80-க்குக் கீழே இருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். புதிய கைப்பேசி வாங்கும்படி யார் வற்புறுத்தினாலும் இப்போதைக்குத் தேவையில்லை.

இனி, 'ஜெனரல்' பகுதியிலுள்ள 'சாஃப்ட்வேர் அப்டேட்'டில் தானியங்கி மேம்பாட்டை நிறுத்திவையுங்கள். பெரிய பதிப்பு வந்தால் அதன் முதல் திருத்தம் வரும்வரை காத்திருந்து மாறுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அரசுச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸும் வங்கிச் செயலிகளும் இருக்கும் கைப்பேசி அது.