ரம்மியில் திறமையைத் தேடியே ஐந்து வருஷம் போனது

கேள்வி: ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தால் வெளிநாட்டு ஆப்பில் போய் ஆடப்போகிறார்கள். அரசியல்வாதிகள் பெயர் வாங்கத்தானே இந்தச் சட்டமெல்லாம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பெயருக்காகவே போட்டிருந்தாலும் இந்தத் தடையை நான் வரவேற்கிறேன். என் கோபமெல்லாம் இத்தனை தாமதமானதில்தான்.

அ.தி.மு.க. அரசு 2020 நவம்பரில் தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு தி.மு.க. அரசு 2022 அக்டோபரில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ரவி நான்கு மாதத்துக்கு மேல் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றிய பிறகே 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே ஆண்டு நவம்பரிலேயே, ரம்மியும் போக்கர் என்ற சீட்டாட்டமும் திறமை ஆட்டங்கள், தடை அவற்றுக்குப் பொருந்தாது என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது.

ரம்மிக்குத் திறமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொன்னது, செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய ஆட்டத்தைப் பற்றி. ஆப்பில் எதிராளி முகமே தெரியாது. யார் ஜெயித்தாலும் கம்பெனிக்குக் கமிஷன் உண்டு. தோற்ற மறு நிமிஷம் யுபிஐ பின்னைத் தட்டினால் அடுத்த ஆட்டம். கணக்கில் காசு இல்லையென்றால் அதே போனில் கடன் ஆப். சம்பளம் வந்த ராத்திரியே வாடகைப் பணமும் போய்விடுகிறது. இங்கே திறமையை அளந்து என்ன பயன்?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த வாதத்தையே ஒதுக்கிவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவுமே கூடாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தாலும் 2 ஆண்டு வரை உள்ளே போக வேண்டும். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை, அதுதான் நியாயம். இவ்வளவு பெரிய சட்டத்தை இரண்டே நாளில் இரு அவைகளிலும் முடித்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

வெளிநாட்டு ஆப் பற்றிய உங்கள் கவலை உண்மையானது. 2003-ல் லாட்டரியைத் தடை செய்த பிறகும் மூணு நம்பர் சீட்டு ரகசியமாக விற்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டு கடைகளில் சீட்டு கட்டுக்கட்டாகத் தொங்கியதும், சாயங்காலம் ரிசல்ட்டுக்காகக் கூட்டம் நின்றதும் போய்விட்டன. அந்த ஆப்களுக்கும் நம் ஊர் வங்கிக் கணக்கு வழியாகத்தான் பணம் போயாக வேண்டும். ஆப் நடத்துபவர்கள் அடுத்தவர் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்குப் பிடித்து அதில் பணத்தை வாங்குகிறார்கள். இந்தப் பணப் பரிமாற்றத்தை வங்கிகள் செய்யக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அப்படி எத்தனை கணக்குகளை முடக்கினீர்கள் என்று நிதி அமைச்சகத்தைக் கேட்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்.